மடக்குக் கத்தி: லைனர் லாக்கா, பேக் லாக்கா?

விரித்த அலகு தானாக மடங்காமல் பிடித்து வைக்கும் பூட்டில் இரண்டு வகை இவை. எட்டு வருடம் தோட்டத்துக்கு எடுத்துப் போனது ஒரு பேக் லாக் கத்தி. இப்போது மூன்று வருடமாக லைனர் லாக். இரண்டுமே வாழை இலை அறுத்தன, கயிறு வெட்டின, உரமூட்டை பிரித்தன. எடை, கூர்மை எல்லாம் கத்திக்குக் கத்தி மாறும், அதை விடுங்கள். விரித்த அலகு ஆடுகிறதா, ஆடினால் நம்மால் சரிசெய்ய முடியுமா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

அலகை முதுகுப் பக்கமாக இரு விரலால் பிடித்து அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் ஆடினால், அலகு சுழலும் அச்சில் இருக்கும் பிவட் திருகு தளர்ந்திருக்கிறது. ஒரு துளி இறுக்கினால் போதும். மேலும் கீழும் ஆடினால் குறை பூட்டில் இருக்கிறது. திருகை எவ்வளவு முறுக்கினாலும் அது போகாது.

பேக் லாக்கைப் பரவலாக்கியது 1964-இல் வந்த பக் 110 என்ற அமெரிக்க மடக்குக் கத்தி. முதுகில் உள்ள கம்பியின் கொக்கி, அலகின் அடியில், அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் முனையில், உள்ள பள்ளத்தில் விழுந்து உட்காரும். பலமான பூட்டு. மூடும்போது விரல் அலகின் வழியில் வராது. எந்தக் கைக்கும் ஒத்துவரும். ஆனால் வாழைக்கறை அந்தப் பள்ளத்தில் இறங்கிக் காய்ந்துவிட்டால் கொக்கி முழுதாக உட்காராது. என் கத்தியில் ‘டக்’ சத்தம் மங்கியபோதுதான் கவனித்தேன். கறையைச் சுரண்டியதும் சத்தம் திரும்பியது, ஆட்டம் மட்டும் போகவில்லை. பள்ளம் தேய்ந்திருந்தது. அதற்கு வீட்டில் வைத்தியம் கிடையாது.

லைனர் லாக்கின் இன்றைய வடிவம் 1980-களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர் உருவாக்கியது. கைப்பிடிக்குள் இருக்கும் தகடு வில் போல விரிந்து வந்து அலகின் அடியை முட்டுக் கொடுக்கிறது. அந்த அடி லேசாகச் சரிவாக இருக்கும். எனக்குப் பிடித்ததே அந்தச் சரிவுதான். உலோகம் தேயத் தேய தகடு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து, விழுந்த இடைவெளியைத் தானே அடைத்துவிடும். புதிதில் என் கத்தியில் தகடு அலகின் அடியில் மூன்றில் ஒரு பங்குதான் ஏறியிருந்தது, இப்போது பாதிக்கு வந்திருக்கிறது. மேல்கீழ் ஆட்டம் இன்னும் இல்லை. தகடு எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் பூட்டின் ஆயுள் முடிந்தது என்று பொருள். இன்னும் எவ்வளவு மிச்சம் என்பது கண்ணுக்கே தெரிகிறது.

குறையும் உண்டு. மூடும்போது கட்டைவிரல் அலகின் வழியில் நிற்கும், அதனால் தகட்டைத் தள்ளியதும் விரலை எடுத்துவிட வேண்டும். தகடு முட்டும் இடத்தில் எண்ணெய் படவிடாதீர்கள், வழுக்கும். பெரும்பாலானவை வலக்கைக்காரருக்கென்றே செய்யப்படுபவை.

மூன்றாவது வகையான ஃபிரேம் லாக்கைத் தம்பியிடம் வாங்கி ஒரு மாதம்தான் வைத்திருந்தேன். கைப்பிடியே தகடாக வேலை செய்வதால் பிடி இறுக இறுகப் பூட்டும் இறுகியது. தேய்மானம் பற்றிச் சொல்ல அந்த ஒரு மாதம் போதாது.

பழைய பேக் லாக் இப்போது அப்பாவிடம். அவர் இடக்கைக்காரர், அவருக்கு அதுதான் சரி. ஞாயிறுதோறும் பல்குச்சியால் அந்தப் பள்ளத்தைச் சுத்தம் செய்து கொடுக்கிறேன்.