நாலு வருடம், நாற்பது பக்கம்

போன கிழமை என் கணிதப் புத்தகத்தின் முதுகு பிரிந்து தாள்கள் கையோடு வந்துவிட்டன. மட்டக்களப்பு டவுனில் பைண்டிங் செய்யும் அண்ணன் ஒருவரிடம் கொண்டுபோனேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, முன்னுக்கு நாற்பது பக்கம்தான் அழுக்கு, மிச்சமெல்லாம் கடையிலிருந்து வந்த மாதிரியே கிடக்கு" என்றார். நாலு வருடப் பாவனையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்ல ஏலாது. அதே கிழமைதான் சம்மாந்துறைக் கூட்டாளி ஒருவர், "நானும் கணிதத்தை அடியிலிருந்து படிக்கப்போறன், அந்தப் புத்தகத்தையே வாங்கவா?" என்று வட்ஸ்அப்பில் கேட்டார். இது அவருக்கான பதில், கொஞ்சம் நீண்டுவிட்டது.

பெயர் வேண்டாம். மெய்ப்பகுப்பாய்வுப் புத்தகம், அதாவது எண், சார்பு எல்லாவற்றையும் அடியிலிருந்து நிறுவிக் காட்டுகிற கணிதம்; பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கும் பிள்ளைகள் திட்டிக்கொண்டே சுமக்கிற வகை. ஆங்கிலம், மெல்லியது, பின்னால் விடை கிடையாது. நான் உயர்தரத்தில் இணைந்த கணிதம் செய்தவன், அதுவும் சுமார்தான். இப்போது அரிசி ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். 2022 இல் பெற்றோல் வரிசையில் பைக்கின் மேல் உட்கார்ந்து தொடங்கியது இந்த வாசிப்பு. வரிசை முடிந்தது, இது முடியவில்லை.

தொடர்ச்சியான சார்பு என்றால் பேனையைத் தூக்காமல் கீறக்கூடியது என்று எங்கள் ரியூசன் சேர் சொல்லித் தந்தார், நாங்களும் எழுதிப் புள்ளி வாங்கினோம். பேனை போகிற வழியெல்லாம் எண் இருக்கிறதா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. புத்தகம் அதைத்தான் முதலில் கேட்கிறது. பின்னங்கள் மட்டும் இருந்தால், வர்க்கம் 2 ஆகிற இடத்தில் ஓட்டை. அந்த ஓட்டையை ஒட்டிக்கொண்டு நிற்கிற கடைசிப் பின்னம் என்றும் ஒன்றில்லை: வர்க்கம் 2 ஐ விடக் குறைந்த எந்தப் பின்னத்தை எடுத்தாலும், அதைவிடப் பெரிய, ஆனால் வர்க்கம் இன்னும் 2 ஐத் தாண்டாத வேறொன்று இருக்கும். சரி, அதை நிறுவ வேண்டும். புத்தகக்காரர் என்ன செய்கிறார்? ப என்று ஒரு பின்னம் தந்தால் (2ப + 2) / (ப + 2) ஐ எடு என்கிறார். அவ்வளவுதான். எங்கிருந்து வந்தது என்று ஒரு சொல் கிடையாது. சுருக்கிப் பார்த்தால் எல்லாம் சரியாக வருகிறது, அதுதான் இன்னும் எரிச்சல். விருந்தாளிக்குச் சோறு போட்டுவிட்டு உலை வைத்த இடத்தைக் காட்டமாட்டேன் என்கிற வீடு மாதிரி.

நான் அதை விட்டுவிட்டு முன்னே போனேன், மூன்றாம் அத்தியாயம் வரை போனேன், ஆனால் அந்தப் பக்கம் மனதை விட்டுப் போகவில்லை, ஆலையில் நெல் மூட்டை எண்ணும்போதுகூட ஏன் அந்த 2, ஏன் அந்த 2 என்றே ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒருநாள், பில் கொப்பியின் பின்பக்கத்தில், 2 ஐ எடுத்துவிட்டு வேறு எண் போட்டுப் பார்த்தேன். அதாவது (கப + 2) / (ப + க). க இற்கு 100 போட்டால் சரிவருகிறது, ஆனால் ஊர்கிறது: 1 இலிருந்து 102/101. ஒன்றரை போட்டால் 1 இலிருந்து ஒரே தாவில் 1.4. க இற்கு 1 போட்டால்? 1 போய் 3/2 ஆகிறது, ஓட்டையைத் தாண்டி மறுபக்கம்! அடுத்தது 7/5, இந்தப் பக்கம். அடுத்தது 17/12, திரும்ப அந்தப் பக்கம். அன்று மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

காரணம் ஒரு வரி. புதிய எண்ணின் வர்க்கத்திலிருந்து 2 ஐக் கழித்தால், பழையதன் வர்க்கத்திலிருந்து 2 ஐக் கழித்ததோடு (க வர்க்கம் கழித்தல் 2) பெருக்கமாக வந்து நிற்கிறது, கீழே (ப + க) இன் வர்க்கம். ஆகவே க இன் வர்க்கம் 2 ஐ விடப் பெரிதாக இருந்தால் போதும், பக்கம் மாறாது. 2 என்பது கைக்கு முதலில் வந்த எண், வேறொன்றுமில்லை. வரைபுத் தாளில் கீறினால் இன்னும் தெளிவு: 'வர்க்கம் கழித்தல் 2' இன் பரவளைவில் ப இலும் க இலும் உள்ள புள்ளிகளை ஒரு நாணால் இணைத்தால், அது கிடை அச்சை வெட்டும் இடம்தான் அந்த மாய எண். இந்த ஒரு படத்தைப் போட்டிருந்தால் என்னுடைய இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும்.

போட்டிருந்தால் நான் கண்டுபிடித்திருக்கமாட்டேன் என்று நீங்கள் சொல்வீர்கள். தெரியும். அதை ஒப்புக்கொண்டால் அந்த ஆளுக்கு வசதியாகிவிடும், அதனால் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஒரு ஆறுதல். டெடெகிண்ட் என்ற ஜெர்மன்காரர் 1858 இல் சூரிச்சில் நுண்கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்தபோது, படத்தைக் காட்டிச் சமாளிக்கிறோமே என்று அவருக்கே பொறுக்கவில்லை. அதே வருடம் வழி கண்டார்: எண்களை இடம் வலமாக வெட்டு, நடுவில் ஓட்டை இருந்தால் அந்த வெட்டையே ஒரு எண்ணாகக் கொள். அச்சில் போட்டது 1872 இல். அவருக்கே 14 வருடம் என்றால் எனக்கு நாலு வருடம் பரவாயில்லை.

மற்றக் குறைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் எழுதிய நிறுவலைத் திருத்த ஆளில்லை. எழுதிய இரவில் எல்லாமே சரியாகத்தான் தெரியும். மூன்று கிழமை கழித்துப் பார்த்தால் நடுவில் மாடு நுழையும் அளவு ஓட்டை. அதற்கு ஒரு வழி, எழுதியதைத் திகதி போட்டு மூடிவைத்து, ஆறியபின் பிறத்தியார் எழுதியது என்று நினைத்துப் பிழை தேடுவது. வீட்டில் "பரீட்சை எப்ப?" என்று கேட்பார்கள், அதற்கு வழி எதுவும் நான் காணவில்லை.

ஆக, கூட்டாளி, வாங்காதீர்கள். டொலர் விலைக்கு இது கட்டாது, விளக்கம் போதாது, உங்களுக்குச் சின்னப் பிள்ளைகள் வேறு. அன்பாக எழுதிய புத்தகங்கள் வேறு இருக்கின்றன, அவற்றில் ஒன்றில் தொடங்குங்கள்.

என்னுடையதை இரவல் கேட்கவும் வேண்டாம். பைண்டிங் இன்றுதான் வந்தது, நாற்பத்தோராம் பக்கத்தில் பேனையை வைத்திருக்கிறேன்.