மங்கலான மண்டபத்தில் எது கைகொடுக்கும்: பெரிய சென்சரா, வாய் அகன்ற லென்ஸா?

கொழும்பில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் நடக்கும் அரங்கேற்றங்களைப் படமெடுக்கத் தொடங்கியிருக்கும் இளையவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சேர்த்து வைத்த பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், பெரிய சென்சர் (ஒளியைப் பதியும் சில்லு) உள்ள ஃபுல் பிரேம் கமராவை வாங்குவதா, அல்லது கையிலிருக்கும், சிறிய சென்சர் உள்ள ஏ.பி.எஸ்.-சி. கமராவையே வைத்துக்கொண்டு எஃப் 1.4 லென்ஸ் ஒன்றை (எஃப் எண் குறையக் குறைய லென்ஸின் திறப்பு அகலும்) வாங்குவதா? பெரிய சென்சரில் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது வந்த ஒளியைப் பெருக்கிக் காட்டும் அளவை, எவ்வளவு கூட்டினாலும் படம் கெடாது என்ற பேச்சு காதில் விழுந்துகொண்டே இருப்பதால் பெரும்பாலானோர் கமராவின் பக்கமே சாய்கின்றனர். மேடையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கப்போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்ளாமல் இதற்கு விடை சொல்லக்கூடாது என்பதே என் அனுபவம்.

இரைச்சல் என்று நாம் சொல்லும் மணல் போன்ற புள்ளிகளை ஐ.எஸ்.ஓ. எண் உண்டாக்குவதில்லை, போதிய ஒளி வந்து சேராததே அவற்றுக்கு முதற்காரணம். ஒளித்துகள்கள் மழைத்துளிகளைப் போல ஒழுங்கின்றி விழுகின்றன. 10,000 துகள்கள் விழும் பிக்சலில் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100, அதாவது நூற்றுக்கு ஒன்று. 100 துகள்களே விழும் பிக்சலில் அது 10, அதாவது நூற்றுக்குப் பத்து. ஐ.எஸ்.ஓ.வைக் கூட்டுவது வந்ததைப் பெருக்கிக் காட்டுமே தவிர, வராத ஒளியைக் கொண்டுவராது. ஆகவே ஒரே ஷட்டர் வேகத்தில் (ஒளியை உள்ளே விடும் நேரத்தில்) எது கூடுதலான ஒளியைச் சேர்க்கிறது என்று பார்ப்பதே நேர்மையான ஒப்பீடு.

ஃபுல் பிரேம் சென்சரின் பரப்பு 864 சதுர மி.மீ.; ஏ.பி.எஸ்.-சி. சென்சரின் பரப்பு ஏறத்தாழ 366 சதுர மி.மீ. எஃப் எண் இரண்டிலும் ஒரே அளவாக இருந்தால் பெரிய சென்சருக்கு 2.36 மடங்கு ஒளி கிடைக்கும். இது ஒரு ஸ்டொப்பைவிட, அதாவது இரு மடங்கு ஒளியைவிட, சற்று அதிகம். எஃப் 2.8 லென்ஸுக்குப் பதிலாக எஃப் 1.4 லென்ஸைப் பூட்டினாலோ கிடைப்பது நான்கு மடங்கு. இதைக் கணக்கிட எளிய வழி, குவியத்தூரத்தை (லென்ஸின் பெயரில் வரும் மி.மீ. எண்ணை) எஃப் எண்ணால் வகுத்து, லென்ஸின் திறப்பு எத்தனை மி.மீ. அகலம் என்று பார்ப்பதுதான். ஃபுல் பிரேமில் 85 மி.மீ. எஃப் 2.8 என்றால் திறப்பு 30 மி.மீ.; அதே காட்சியை ஏ.பி.எஸ்.-சி.யில் தரும் 56 மி.மீ. எஃப் 1.4 லென்ஸின் திறப்பு 40 மி.மீ. சிறிய கமரா இங்கே தெளிவாக முந்துகிறது. கமராவோடு பணம் தீர்ந்துபோய் எஃப் 4 சூம் லென்ஸுடன் மண்டபத்துக்கு வருபவரின் திறப்பு 21 மி.மீ.தான், அவர் செலவழித்ததன் பயன் படத்தில் தெரியாது.

ஆயினும் இந்த வெற்றிக்கு ஓர் எல்லை உண்டு. தனியாக ஆடும் பிள்ளை அபிநயத்தில் நிற்கும்போது 1/200 செக்கனில் எஃப் 1.4 அருமையாக வேலை செய்யும். ஜதிக்கு 1/500 தேவைப்படும்போதும் அந்தத் திறப்புத்தான் ஐ.எஸ்.ஓ.வைத் தாங்கக்கூடிய அளவில் வைத்திருக்கும். ஆனால் அகன்ற திறப்பில் துலங்கும் ஆழம் குறைவு என்பதால், முன்னே நீட்டிய முத்திரையின் விரல்களும் கண்ணும் ஒருங்கே துலங்க வேண்டுமானால், அல்லது இருவர் முன்னும் பின்னுமாக ஆடினால், எஃப் 2.8க்கு மூடியே தீரவேண்டும். மூடியவுடன் லென்ஸால் கிடைத்த லாபம் முழுவதும் கைவிட்டுப் போகிறது.

அடுத்தது தூரம். முன் வரிசையின் ஓரத்தில் உட்கார இடம் கிடைத்தால் மேலே சொன்ன கணக்கு செல்லும். மண்டபத்தின் பின்புறத்தில் வீடியோக்காரரின் முக்காலிக்குப் பக்கத்தில்தான் இடம் என்றால் 70-200 எஃப் 2.8 சூமை வெல்ல எதுவும் இல்லை. 200 மி.மீ.யில் அதன் திறப்பு 71 மி.மீ. 135 எஃப் 1.8 லென்ஸின் திறப்பு 75 மி.மீ. என்பதால், அதில் எடுத்து 200 மி.மீ. அளவுக்கு வெட்டினாலும் இரைச்சல் அநேகமாகச் சமமாகவே இருக்கும். ஆனால் 24 மெகாபிக்சலில் 11 மட்டுமே மிஞ்சும். நட்டுவனாரையும் ஆடுபவரையும் சேர்த்து ஒரு படமும், மறுகணம் முகத்தை மட்டும் இன்னொரு படமும் எடுக்கும் வசதியும் சூமுக்கே உண்டு.

மெகாபிக்சல் குறைந்தால் இரைச்சல் குறையும் என்ற நம்பிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோனி ஏ7எஸ் 3இன் 12 மெகாபிக்சல் படத்தையும் கனன் ஆர்6 மார்க் 2இன் 24 மெகாபிக்சல் படத்தையும் ஒரே அளவில் அச்சிட்டுப் பார்த்தால், ஐ.எஸ்.ஓ. 6400இல் வேறுபாடு காண்பது கடினம். முன்னதன் பலம் வீடியோவில்தான். அங்குலத்துக்கு 300 புள்ளி (டீ.பி.ஐ.) வீதம் அச்சிட்டால் 12 மெகாபிக்சல் 14 அங்குல அகலத்துக்கும், 24 மெகாபிக்சல் 20 அங்குலத்துக்கும் போதும். திருமண அல்பத்தின் 18 அங்குலப் பக்கத்தை நினைத்தால் எதை எடுப்பது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஷட்டரைப் பொறுத்தவரை எனக்கு மறக்க முடியாத மாலை ஒன்று உண்டு. பதம் ஒன்றுக்கான ஆட்டத்தின் அமைதியைக் குலைக்கக்கூடாதென்று ஓசையற்ற எலக்ட்ரோனிக் ஷட்டருக்கு மாற்றினேன். வீட்டில் கணினியில் திறந்தபோது, அந்தப் பிள்ளையின் நெற்றியில் ஒன்றும் கன்னத்தில் ஒன்றுமாக இருண்ட பட்டைகள் குறுக்கே ஓடின. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை துடிக்கின்றன. சென்சரோ மேலிருந்து கீழாக வரிவரியாக வாசிக்கப்படுகிறது. சோனி ஏ7 4 முழுவதையும் வாசிக்க ஏறத்தாழ 1/15 செக்கன் எடுக்கும். அதற்குள் விளக்கு ஆறேழு தடவை துடித்துவிடும். நிக்கன் இசட்6 3 போன்றவை பல மடங்கு விரைவானவை. சோனி ஏ9 3இன் சென்சர் எல்லா வரிகளையும் ஒரே கணத்தில் பதிவதால் பட்டையே விழாது. ஆனால் அதன் அடிப்படை ஐ.எஸ்.ஓ. 250, உச்சம் 25,600. இருட்டுக்காகவே கமரா தேடுபவர் அந்த விலையைக் கொடுக்கத் தேவையில்லை. சாதாரண மெக்கானிக்கல் ஷட்டரோடு துடிப்புத் தவிர்ப்பு வசதியும் இருந்தால் பெரும்பாலான மண்டபங்களுக்குப் போதும்.

ஐ.எஸ்.ஓ.வுக்குப் பயந்து ஒளி குறைவாக எடுத்துப் பின்னர் கணினியில் தூக்கிவிடுவது பலரிடம் காணும் பழக்கம். அதனால் இரைச்சல் குறைவதில்லை. பழைய சென்சர்களில் நிழல்கள் இன்னும் மோசமாகும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. சிவப்பு எல்.ஈ.டி. விளக்கின் கீழ் சிவப்பு மட்டும் நிறைந்து வழிந்து, பட்டுப் புடவையின் மடிப்புகள் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். கமரா காட்டும் வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) மொத்தமாகச் சரியாகத் தெரிந்தாலும் சிவப்பின் வரைபடத்தைத் தனியே பார்த்து, ஒரு ஸ்டொப் குறைத்து எடுப்பதே அங்கே நல்லது.

கோயிலில் நிலைமை நேர்மாறு. கொழும்பு கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலைப் போன்ற கருங்கல் மண்டபங்களில் சுவர் ஒளியைத் திருப்பித் தருவதில்லை. விளக்கின் ஒளியில் நீலம் மிகக் குறைவு என்பதால், படத்தை இயல்பான நிறத்துக்குத் திருத்தும்போது நீலத்தில்தான் இரைச்சல் முதலில் கிளம்பும். படமெடுக்க அனுமதி உள்ள இடங்களில் நான் அந்த மஞ்சளைப் பாதியளவுக்கு மேல் எடுப்பதில்லை. எடுத்தால் இரைச்சலும் கூடும், தீபாராதனை நேரத்தின் நிறமும் போய்விடும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருள்களைப் பணம் குறைந்தவர்களின் மூன்றாவது தெரிவு எனலாம். 2023 ஏப்ரலில் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளுக்கு வந்த செயற்கை நுண்ணறிவு வசதி, ரோ கோப்பில் (சென்சர் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பில்) ஐ.எஸ்.ஓ. 12,800ஐயும் வாடிக்கையாளருக்குக் கொடுக்கத்தக்கதாக ஆக்குகிறது. ஆனால் நெற்றிச்சுட்டியின் சிறிய கற்களையும் சரிகையின் இழைகளையும் உற்றுப் பாருங்கள்: ஒளி போதாத படத்தில் அது கற்களை மெழுகாக உருக்கிவிடும், இல்லாத இழைகளை நெய்தும்விடும். நான் அந்த வசதியின் அளவை நூற்றில் 40க்கு மேல் வைப்பதில்லை.

கொழும்பின் ஆடிவேல் தேர்த்திருவிழா இரவில் இந்த ஒப்பீடு மிக எளிதாகிவிடுகிறது. செட்டியார் தெருவில் தேரோடு நடக்கும்போது எவரும் எட்டத்தில் இல்லை. சூமைத் தூக்கவும் இடமில்லை. அங்கே என் பழைய ஏ.பி.எஸ்.-சி. கமராவில் 23 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ்தான் இருக்கும். 1/160 செக்கன், ஐ.எஸ்.ஓ. 3200: தேரின் விளக்குகள் வெளுக்காமல், வடம் பிடிப்பவர்களின் கைகளில் வியர்வை மினுங்குவதும் தெரியும்.