28 செ.மீ. வாய்க்கு எந்த வளைவு?

சேலத்தில் ஹார்ன் என்றால் இரண்டு பொருள்தான். ஐந்து ரோட்டில் முதுகுக்குப் பின்னால் வந்து அலறுகிற பஸ் ஹார்ன் ஒன்று. ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பத்தில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கர் மற்றொன்று. வீட்டுக்குள் பாட்டுக் கேட்க ஒரு ஹார்ன் செய்யப் போகிறேன் என்றதும் என் மனைவி கேட்டாள்: "எதுக்குங்க, வீட்லயே கூழ் ஊத்தப் போறீங்களா?"

செய்தது ஒன்றல்ல, மூன்று. இரண்டு வீடுகளுக்காக. ஒன்று அஸ்தம்பட்டியில் என்னுடைய பத்துக்குப் பன்னிரண்டு அறை. அதில் நான் தனியாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்பவன். இன்னொன்று ஏற்காட்டில் மச்சினன் வீட்டுக் கூடம். அங்கே ஆறேழு பேர் ஆளுக்கொரு மூலையில் இருப்பார்கள், யாரும் ஓரிடத்தில் உட்கார மாட்டார்கள். இந்த வித்தியாசம்தான் கடைசியில் எல்லாவற்றையும் முடிவு செய்தது. அது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆயிற்று.

முதலில், எதற்கு ஹார்ன்? சாதாரண ஸ்பீக்கருக்குள் போகும் மின்சக்தியில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ஒலியாக வெளியே வருகிறது. மிச்சம் சூடாகப் போய்விடும். சவ்வு கனமானது, காற்று லேசானது; தள்ளினால் காற்று பிடி கொடுக்காமல் விலகிக்கொள்கிறது. சிறிய தொண்டையில் தொடங்கி மெல்ல விரியும் குழாயைச் சவ்வின் முன்னால் வைத்தால் காற்றுக்கு ஒதுங்க இடமில்லை, பிடி கிடைக்கிறது. நூற்றுக்கு இருபது வரை ஒலியாக மாறினால் 13 டெசிபல் லாபம். அதே சத்தத்துக்குச் சவ்வு மிகக் குறைவாக அசைந்தால் போதும் என்பதால் ஒலியும் சுத்தமாக இருக்கும். நாதஸ்வர அணசை உதாரணம் சொல்லலாம், ஆனால் அது பாதிதான் பொருந்தும். நாதஸ்வரக் குழலுக்குச் சொந்தச் சுருதி உண்டு, இருக்கவும் வேண்டும். பாட்டைத் திருப்பிச் சொல்கிற ஹார்னுக்குச் சொந்தச் சுருதி இருக்கவே கூடாது. இருந்தால் எல்லாப் பாடகரும் மூக்கால் பாடுவார்கள்.

சிக்கல் அளவில் இருக்கிறது. ஹார்ன் வாயின் சுற்றளவு, அது தாங்க வேண்டிய மிகத் தாழ்ந்த ஒலியின் அலைநீளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. சேலத்து வெயிலில் ஒலியின் வேகம் நொடிக்கு 350 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 ஹெர்ட்ஸுக்கு அலைநீளம் 8.75 மீட்டர், வாயின் விட்டம் 2.8 மீட்டர். ஒன்பது அடி! என் வீட்டு வாசற்கதவு மூன்றடி. ஆகவே வீட்டுக்கு ஹார்ன் என்றால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். நான் விட்டது தாழ்ந்த ஒலியை: 600 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் ஒரு சாதாரண எட்டு இஞ்ச் வூஃபர் பார்த்துக்கொள்ளட்டும். ஹார்ன், கொஞ்சம் இடம் விட்டு, 400 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டது. அதற்கு வாயின் விட்டம் 28 செ.மீ. சுவரில் பதித்த என் கடப்பாக்கல் அலமாரியின் கண்ணும் 30 செ.மீ. உயரம்தான். விஞ்ஞானம் பாதி, அலமாரி பாதி.

வாய் 28, தொண்டை ஒரு இஞ்ச். இரண்டுக்கும் நடுவில் எப்படி விரிவது என்பதில்தான் சண்டை.

எக்ஸ்பொனன்ஷியல் ஹார்ன் மூத்தது. 1919இல் வெப்ஸ்டர் ஹார்னுக்கான சமன்பாட்டை எழுதினார். 1924இல் ஹன்னாவும் ஸ்லெபியனும் இந்த வளைவு ஏன் நல்லது என்று காட்டினார்கள். இது கூட்டு வட்டி. சம தூரத்துக்குச் சம விகிதத்தில் பரப்பு பெருகும். என் 400 ஹெர்ட்ஸ் கணக்கில் ஒவ்வொரு 4.8 செ.மீ.க்கும் பரப்பு இரட்டிப்பு. மொத்த நீளம் 33 செ.மீ. பின்னால், தொண்டைக்குள் ஒலியை ஊதும் யூனிட்டுக்கு இன்னும் 10 செ.மீ. என் அலமாரியின் ஆழம் ஒன்றரை அடி, அதாவது 45. ஒயர் மாட்டக் கை நுழையாது. அதைவிடப் பெரிய குறை வாயில் இருக்கிறது. 28 செ.மீ. விட்டத்துக்கு வரும்போது சுவர் 45 டிகிரி சாய்வில் இருக்கும், அங்கேயே சட்டென்று முடிந்துவிடும். அந்த விளிம்பில் ஒலியின் ஒரு பகுதி உள்ளேயே திரும்பிப் போகிறது. தாழ்ந்த ஒலிகளில் ஒரு மேடு, ஒரு பள்ளம் என்று மாறி மாறி வருவது இதனால்தான்.

டிராக்ட்ரிக்ஸ் அந்த விளிம்பைத்தான் சரிசெய்கிறது. இங்கிலாந்தில் பால் வாய்ட் 1920களில் ஹார்னுக்குக் கொண்டுவந்த வளைவு. முரண்டு பிடிக்கிற ஆட்டுக்குட்டியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு நீங்கள் நேர்கோட்டில் நடங்கள். ஆடு தொடக்கத்தில் உங்களுக்குப் பக்கவாட்டில் நிற்கிறது. இழுக்க இழுக்க மெல்ல உங்கள் பாதையை நெருங்கும், ஒருநாளும் சேராது. அது காலால் வரையும் கோடுதான் டிராக்ட்ரிக்ஸ். கயிற்றின் நீளமே வாயின் ஆரம். ஆடு புறப்பட்ட இடம் ஹார்னின் வாய். அங்கே சுவர் முழுதாக 90 டிகிரிக்கு விரிந்து சுற்றியிருக்கும் பலகையோடு கலந்துவிடும். தொண்டைப் பக்கம் கூட்டு வட்டி போலத்தான் பெருகும், வாய்ப் பக்கம் மீட்டர் வட்டி. அதனால் நீளமும் குறைகிறது: 29 செ.மீ. நாலு செ.மீ. என்ன பெரிதா என்று கேட்காதீர்கள். அந்த நாலு செ.மீ.யில்தான் என் கை நுழைந்தது.

இரண்டையும் ஒரே யூனிட்டோடு மாற்றி மாற்றிக் கேட்டேன். எக்ஸ்பொனன்ஷியலில் ஆண் குரலுக்குக் கொஞ்சம் பானைக்குள் பேசுகிற சாயல் வந்தது. டிராக்ட்ரிக்ஸை அலமாரிக் கண்ணில் ஒட்டுப்பலகை அடைத்துப் பதித்ததும் அந்தச் சாயல் பெரும்பாலும் போய்விட்டது. பதிக்காமல் வெளியே வைத்தபோது வித்தியாசம் இவ்வளவு தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வின்சென்ட் சால்மன் 1946இல் சொன்ன ஹைபெக்ஸ் குடும்பமும் உண்டு. ஹார்ன் தாங்கும் கீழ் எல்லைக்கு அருகே இன்னும் நன்றாகப் பிடி கொடுக்கும், ஆனால் நீளம் கூடும். எங்கள் பந்தயத்தில் நீளம் கூடியவருக்கு இடமில்லை.

சரி, மூன்றாவது ஆள்தான் என்னைக் குழப்பியவர். கூம்பு. வளைவே இல்லாத நேர்ச்சுவர். தாழ்ந்த ஒலிக்குப் பிடி கொடுப்பதில் சோம்பேறி என்று பழைய புத்தகங்கள் அதை ஒதுக்கிவைத்தன. ஆனால் முதல் இரண்டுக்கும் இருக்கும் ஒரு பொதுக் குறை அதற்கு இல்லை. எக்ஸ்பொனன்ஷியலும் டிராக்ட்ரிக்ஸும் தொண்டையருகே கிட்டத்தட்ட இணைச்சுவர்கள். மேல் ஒலிகள் அந்த வழியாக டார்ச் வெளிச்சம் போல நேரே பாயும். நேரெதிரே உட்கார்ந்தவருக்கு ஜால்ராவும் வயலின் இழைப்பும் துல்லியம். இரண்டடி தள்ளி உட்கார்ந்தவருக்குப் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருக்கும். கூம்பு தன் கோணம் முழுக்க ஒரே மாதிரி பரப்பும். 1975இல் டான் கீல் இந்தச் சீரான பரவலை நோக்கி ஹார்னைத் திருப்பினார். பிறகு ஏர்ல் கெடெஸ், தொண்டையில் உடைந்த மூலை இல்லாமல் வழுவழுப்பாகத் தொடங்கிப் போகப்போக நேராகும் ஒரு வடிவத்தைக் கணக்கிட்டார். இதை ஹார்ன் என்பதைவிட வேவ்கைடு என்பார்கள். நான் மூன்றாவதாகச் செய்தது இதைத்தான். 28 செ.மீ. வாய், 90 டிகிரி பரவல் என்றால் ஆழம் வெறும் 14 செ.மீ. டிராக்ட்ரிக்ஸில் பாதி!

இலவசம் இல்லை. கீலின் கணக்குப்படி, பரவல் கோணத்தை வாயின் அகலத்தால் மீட்டரில் பெருக்கி, வரும் எண்ணால் 25,300ஐ வகுக்க வேண்டும். அந்த ஹெர்ட்ஸுக்கு மேலேதான் கோணம் நிலைக்கும். 90, 0.28 என்று போட்டால் ஏறக்குறைய 1000 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே கோணம் கைமீறிப் போகும். ஆகவே டிராக்ட்ரிக்ஸை நான் 600இல் வூஃபரோடு சேர்க்க முடிந்தது. வேவ்கைடை 1000இல்தான் சேர்க்க முடிந்தது. மனிதக் குரலின் நடுவே தையல் போடுகிற வேலை. எவ்வளவு நேர்த்தியாகப் போட்டாலும் தெரிந்த காதுக்குத் தையல் தெரியும். அப்புறம் இன்னொன்று. யூனிட்டின் மேல் ஒலிச் சக்தி ஒரு கட்டத்துக்கு மேல் இயல்பாகவே சரிகிறது. டிராக்ட்ரிக்ஸில் கற்றை குறுகுவதால் நேரெதிரே அந்தச் சரிவு மறைந்துவிடும். வேவ்கைடு கிடைத்ததை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவதால் சரிவு அப்பட்டமாகத் தெரியும். ஈக்வலைசரில் மேலே தூக்கிவிட்டே ஆக வேண்டும். முதல் நாள் இது தெரியாமல் வேவ்கைடு மந்தம் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

மடித்தால் என்ன என்று பலர் கேட்பார்கள். கோயில் குழாய் ஸ்பீக்கரே மடித்த ஹார்ன்தான்: ஒலி நடுக்குழாயில் முன்னே போய், திரும்பி, மறுபடி முன்னே வருகிறது. ஒரு மீட்டர் பாதையைச் சின்னப் பாத்திரத்தில் அடைத்துவிடலாம். ஆனால் திருப்பத்தில் உள்விளிம்புப் பாதைக்கும் வெளிவிளிம்புப் பாதைக்கும் 6 செ.மீ. வித்தியாசம் வந்தால், 2900 ஹெர்ட்ஸில் அது அரை அலை. ஒன்றை ஒன்று தின்றுவிடும். அறிவிப்புக்குப் போதும், இசைக்குப் போதாது. பேஸ் ஒலிக்கு மட்டும் மடிப்பு வலிக்காது. 60 ஹெர்ட்ஸில் அலை கிட்டத்தட்ட ஆறு மீட்டர், அதற்கு இந்தத் திருப்பம் கொசுறு.

பேஸுக்கு மடித்த ஹார்ன் வேண்டுமென்றால் அறையின் மூலையையே ஹார்னின் நீட்சியாக்கிக்கொள்வது நல்ல தந்திரம். 1940களில் பால் கிளிப்ஷ் செய்தது அதைத்தான். தரையும் இரண்டு சுவரும் சேரும் இடத்தில் வாயின் பரப்பு எட்டில் ஒன்றாகக் குறையலாம். 60 ஹெர்ட்ஸுக்கு வெட்டவெளியில் 2.7 சதுர மீட்டர் வேண்டும். மூலையில் 58 செ.மீ. சதுரம் போதும். நம் ஊர் செங்கல் சுவரும் காங்கிரீட் தளமும் அதிராதவை என்பதால் இது இங்கே இன்னும் நன்றாக எடுபடும். ஆனால் இரண்டு ஸ்பீக்கருக்கு இரண்டு மூலை வேண்டுமே? என் அறையில் ஒன்றில் கதவு, ஒன்றில் பீரோ, ஒன்று ஈசானி மூலை. அதில் பெட்டி வைக்க அம்மா சம்மதிக்கவில்லை. ஸ்டீரியோ அத்தோடு முடிந்தது.

பின்பக்க ஹார்ன் என்று இன்னொரு வகை: ஒற்றை முழுவீச்சு ஸ்பீக்கர் முன்னால் நேராகப் பாடும், அதன் முதுகு மடித்த ஹார்னுக்குள் ஊதும். பெட்டி அழகாக இருக்கும், தாழ்ந்த ஒலியையும் மேல் ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸோவர் தொல்லை கிடையாது. ஆனால் உள்ளே பாதை 2.5 மீட்டர் என்றால் முதுகு ஒலி 7 மில்லிநொடி தாமதமாக வரும். 70 ஹெர்ட்ஸில் முன்னொலியோடு கைகோக்கும், 140இல் எதிர்த்து நிற்கும். மிருதங்கத்தின் தொப்பி பக்கம் ஒருநாள் நிரம்பி ஒருநாள் வற்றுகிற மாதிரி, ராகத்துக்கு ராகம் மாறியது. நண்பர் ஒருவர் வீட்டில் கேட்டதோடு விட்டுவிட்டேன்.

செய்முறையில் டிராக்ட்ரிக்ஸ்தான் சுகம். தெர்மாக்கோல் வட்டுகளை அடுக்கி ஒட்டி, தகட்டில் வெட்டிய வளைவை வைத்துச் சுற்றித் தேய்த்தால் அச்சு தயார். அதன்மேல் காகிதம். பசைக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமா? சேகோ பேக்டரி கிழங்கு மாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் ஒரு சிட்டிகை. பத்து அடுக்கு, சித்திரை வெயிலில் மூன்று நாளில் காய்ந்து மரம் மாதிரி ஆகிவிட்டது. தட்டினால் 'டப்' என்று செத்த சத்தம் வரும், அதுதான் வேண்டும். உலோகக் குழாய் போல இரைச்சல் இல்லை. 1930களில் இங்கிலாந்தில் இ.எம்.ஜி. கிராமபோன்களின் பெரிய ஹார்ன்களும் காகிதக் கூழில் செய்தவைதான். வேவ்கைடு ஆசாரி வேலை: 18 மி.மீ. ஒட்டுப்பலகையில் எட்டு வளையம் வெட்டி ஒட்டி உள்ளே இழைப்பது. கூலி காகிதத்தைவிடப் பல மடங்கு.

காகித டிராக்ட்ரிக்ஸ்தான் உசத்தி என்ற எண்ணத்தோடு முதலில் அதைத்தான் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனேன். மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைத் தாண்டி, இருபது கொண்டை ஊசி வளைவிலும் மடியில் வைத்துக்கொண்டு. மாட்டிப் பாட்டுப் போட்டதும் மச்சினன் சொன்னான்: "மாமா, சோபாவுல உக்காந்தா பிரமாதம். ஆனா சமையக்கட்டுல இருக்கவங்களுக்குப் பாட்டே இல்லீங்களே." மலைக் குளிரில் ஒலியின் வேகம் குறையும், கணக்கு மாறியிருக்கும் என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். 15 டிகிரியில் வேகம் 340 மீட்டர். என் 400 ஹெர்ட்ஸ் 389 ஆகிறது. காதுக்குத் தெரியாத வித்தியாசம். குற்றம் குளிரில் இல்லை, டார்ச் வெளிச்சத்தில் இருந்தது.

இப்போது வேவ்கைடு மேலே இருக்கிறது, ஈக்வலைசரோடு. எந்தப் பக்கம் நடந்தாலும் பாட்டு ஒன்றுபோல வருகிறது, 1000 ஹெர்ட்ஸ் தையலை அங்கே யாரும் கண்டுகொள்ளவில்லை. டிராக்ட்ரிக்ஸ் கீழே என் அலமாரிக்குத் திரும்பிவிட்டது. ஒரே ஒரு மழைக்காலம் மேலே இருந்ததில் பனிமூட்டம் குடித்து அதன் விளிம்பு ஒரு விரல் அகலத்துக்கு உப்பியிருந்தது. ஷெல்லாக் இரண்டு கோட் அடித்திருக்கிறேன். எக்ஸ்பொனன்ஷியலைப் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டு வாங்கிக்கொண்டு போனான், செல்போனை அதன் தொண்டையில் வைக்க.