ஏரித் தண்ணீரா, போர்வெல் தண்ணீரா?

பழைய வடஆற்காடு மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரின் கதையைக் கேட்டால், அது ஏரிக்கரையில்தான் தொடங்கும். காவேரிப்பாக்கம் ஏரி பல்லவர் காலத்தது. பாலாற்றில் வாலாஜா அருகே 1858-இல் கட்டிய அணைக்கட்டுதான் அதற்கும் இன்னும் பல ஏரிகளுக்கும் தண்ணீரைத் திருப்பிவிடுகிறது. ஏரி நிறைந்து கோடி போனால் அடுத்த ஊர் ஏரிக்குத் தண்ணீர். மதகைத் திறக்கவும் முறை வைத்துப் பாய்ச்சவும் ஊரில் ஆள் உண்டு. முன்பெல்லாம் வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வந்து கால்வாயைத் தூர்வாருவார்கள். அதற்குப் பெயர் குடிமராமத்து. ஆனால் கடைமடைக்காரருக்கும் சேரி மக்களுக்கும் அந்த முறையில் சமபங்கு கிடைத்ததில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போர் என்கிற ஆழ்துளைக் கிணறு வந்தபிறகு யாரையும் கேட்க வேண்டியதில்லை. இலவச மின்சாரம், பொத்தானை அழுத்தினால் தண்ணீர். மழை பொய்த்த வருடத்திலும் கரும்பையும் வாழையையும் காப்பாற்றுவது அதுதான். சரி, பிரச்சினை எங்கே? பக்கத்து நிலத்துக்காரர் இன்னும் ஆழமாகப் போட்டால் நம்முடையது வற்றிவிடும். தோல் பதனிடும் கழிவு இறங்கிய இடங்களில் ஆழம் போயும் பயனில்லை. 1996-இல் உச்ச நீதிமன்றமே அதில் தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது.

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடி ஏரிகளை நிரப்பியது. ஏரி நிறைந்தால் அதைச் சுற்றியுள்ள கிணறும் ஊறும், போரும் ஊறும். போர் எதையும் நிரப்பாது. அதனால் ஊர்ப் பணம் கையில் இருந்தால், புது போருக்கு முன்னால் வரத்துக்கால்வாயின் ஆக்கிரமிப்பை எடுத்துத் தூர்வாரச் சொல்வேன்.