கயாக் தூண்டிலும் குப்பத்துத் தூண்டிலும்

கயாக் என்ற சின்னத் துடுப்புப் படகில் போகிறவன் மீனோடு மல்லுக்கட்டத்தான் போகிறான். சென்னைக்குத் தெற்கே கோவளம் குப்பத்திலிருந்து ஃபைபர் படகில் கிளம்புகிறவருக்கோ மல்லுக்கட்டுகிற மீன் பெரிய தொந்தரவு. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், மற்ற வித்தியாசங்கள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கின்றன என்று எனக்குப் படுகிறது.

தூண்டில் நரம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். விளையாட்டுக்குப் பிடிப்பவர் வேண்டுமென்றே மெல்லிய பின்னல் நரம்பு போடுவார். நரம்பு சுற்றியிருக்கும் ரீலின் பிடியைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பார். பாறை மீன் கவ்வியதும் ரீல் அலறும், நரம்பு ஓடும், அதன் பின்னாலேயே கயாக்கும் ஓடும். தண்ணீருக்கு ஒரு சாண் உயரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மீன் தன்னை இஷ்டத்துக்கு இழுத்துப் போவதைப் பார்ப்பதில் இருக்கிற கிளர்ச்சி பெரிய படகில் கிடைக்காது. கயாக் லேசானது என்பதால் மீனின் இழுப்புக்கு அதுவும் விட்டுக்கொடுக்கிறது, நரம்பு சட்டென்று அறுவதில்லை. அடிக்கடி திசை மாற்றி ஓடுகிற மீனுக்கு ஈடுகொடுத்து இடுப்பைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கயாக் கவிழும்.

தொழிலுக்குப் போகிறவர் கையில் இருப்பது தங்கூசி என்ற தடித்த நைலான் நரம்பு. கோலும் இல்லை, ரீலும் இல்லை. மாட்டியதும் கைமாற்றிக் கைமாற்றி இழுத்து மீனைப் படகுக்குள் போட்டுவிட்டு அடுத்த இரையைக் கோக்கிறார். வஞ்சிரம் கூட்டமாக நகர்கிற மீன். ஒன்றோடு கால் மணி நேரம் கொஞ்சிக்கொண்டிருந்தால் மிச்சமெல்லாம் போய்விடும். போதாததற்கு, ரொம்ப நேரம் போராடிக் களைத்த மீனின் சதை தரம் குறைந்துவிடும். கயாக்காரர் வீடியோவில் பெருமையாகக் காட்டும் அந்தப் போராட்டம், ஏலக்காரர் முன்னால் வந்தால் விலையைக் குறைக்கிற சங்கதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. விளையாட்டுக்காரர்கள் பெட்டி நிறைய அடுக்கி வைத்திருக்கும் ராபாலா லூரை, அதாவது மீனை ஏய்க்கும் பொய் இரையைச் செய்தவர் பொழுதுபோக்குக்காரர் இல்லை. பின்லாந்தில் மீன் பிடித்துப் பிழைத்த லவுரி ராபாலா, அடிபட்டுத் தள்ளாடி நீந்தும் குஞ்சு மீனைத்தான் பெரிய மீன்கள் முதலில் பாய்ந்து கவ்வுகின்றன என்று கவனித்தார். 1936-இல் தக்கையைச் சீவி, சாக்லேட் சுற்றி வரும் பளபளப்புத் தாளை ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி மேலே பூசி, அதே தள்ளாட்டத்தோடு ஒரு பொய் மீனைச் செய்தார். இரை கோக்கும் நேரமும் செலவும் மிச்சம், கூடுதல் மீன் கிடைக்கும். அவருடைய கணக்கு அவ்வளவுதான்.

படகு விஷயத்திலும் இப்படித்தான். ஆர்க்டிக் பகுதியில் இனுயிட் மக்கள் சட்டம் கட்டி சீல் தோல் போர்த்திச் செய்த கயாக், வேட்டையாடிப் பிழைப்பதற்கான கருவி. இன்று நம் கடலில் பார்க்கிற பிளாஸ்டிக் கயாக்குகள் பெரும்பாலும் மேலே உட்கார்ந்து ஓட்டும் வகை. தட்டில் ஓட்டைகள் இருக்கும், அலையோடு ஏறிய தண்ணீர் அவற்றின் வழியே இறங்கிவிடும். கட்டுமரத்தில் மரங்களுக்கு நடுவே தண்ணீர் வடிவதும் அதே உத்திதான். இரண்டிலும் தண்ணீர் இறைக்கும் வேலை இல்லை, இரண்டையும் அலை முறியும் இடத்தில் நேராக விட்டு ஏற்ற முடியும். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் வந்து குவிந்தன, கட்டுமரங்கள் ஓரம் கட்டப்பட்டன. மீனவர் துடுப்பை வைத்துவிட்டு மோட்டாருக்கு மாறிய அதே கரையில்தான் நகரத்துக்காரர் காசு கொடுத்துத் துடுப்பு வாங்குகிறார். துடுப்பும் வேண்டாம் என்றால் ஹோபி நிறுவனம் 1997-இல் கொண்டுவந்த மிதி இயக்கம் இருக்கிறது. காலால் மிதித்தால் கை இரண்டும் தூண்டிலுக்கு. விலைதான் லட்சத்தில்.

விலை என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃபைபர் படகு, இன்ஜின், வலை என்று பார்த்தால் மீனவருக்கும் லட்சங்கள்தான் ஆகும். கயாக்காரர் போடுவது சேமிப்பு. மீனவர் போடுவது பெரும்பாலும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம். அது அடையும்வரை பிடித்த மீனை அந்த வியாபாரி வழியாகத்தான் விற்க வேண்டும், ஒவ்வொரு ஏலத்திலும் ஒரு பங்கு அங்கே கழியும். எரிபொருள் செலவை எடுத்துவிட்டு, படகுக்கு, இன்ஜினுக்கு, வலைக்கு என்று பங்கு ஒதுக்கியபின் மிஞ்சுவதுதான் ஆட்களுக்கு. ஒன்றுமே மாட்டாத நாளிலும் பெட்ரோல் எரிந்திருக்கும். வெறுங்கையோடு திரும்பிய கயாக்காரர் "காலை நேரம் அருமையாக இருந்தது" என்று சொல்லிக்கொள்ளலாம். அவர் வாங்கிய சுகத்தில் அந்த வெறுங்கைக்கும் இடம் உண்டு.

ஆபத்து? கயாக் சின்னது, அதனால் ஆபத்து அதிகம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காற்று வீசப்போகிறது என்று ஆப் காட்டினால் கயாக்காரர் போர்வையை இழுத்துக்கொள்வார். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கயாக் மாடியில் கிடக்கும். மீனவரும் ஆப் பார்க்கிறார், ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் அலை, காற்று முன்னறிவிப்பும் அவருக்கு வருகிறது. ஆனால் வீட்டில் அரிசி தீர்ந்த வாரத்தில் முன்னறிவிப்பைப் படிக்கிற கண் வேறு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் வந்தபோது கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் கரையிலிருந்து வெகுதூரத்தில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. போனவர்களில் நிறையப் பேர் திரும்பவே இல்லை.

திறமையில் யார் பெரியவர் என்றால் எனக்குச் சந்தேகமே இல்லை. கயாக்கில் மீன் காட்டும் சோனார் கருவி திரையில் பாரை, அதாவது கடலடிப் பாறைத்திட்டைக் காட்டிய பிறகுதான் நமக்குத் தெரியும். படகில் இருப்பவர் கோபுரத்தையும் தூரத்து மரத்தையும் ஒரு நேர்கோட்டிலும், வேறு இரண்டு அடையாளங்களை இன்னொரு கோட்டிலும் பார்த்தே பார் இருக்கும் இடத்தில் நங்கூரம் போடுவார். கயாக்குக்கும் ஒரு சாதகம் உண்டு. சத்தமில்லாமல், முழங்கால் ஆழப் பாறைகளுக்குள்ளும் அது நுழையும். வலை விட்டால் கிழியும் இடம் அது, இன்ஜின் படகுக்கு விசிறி உடையும் இடம்.

பிடித்ததைத் திரும்ப விடுவதுதான் குப்பத்துக்காரர்களுக்குப் புரியாத சமாச்சாரம். ஒருமுறை நான் பாறை மீன் ஒன்றை விட்டதைப் பக்கத்துப் படகிலிருந்த அண்ணன் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், இம்மாம் நேரம் அத்தோட சண்ட போட்டுட்டு வுட்டுட்டியே!"

"வீட்ல மீன் இருக்குண்ணே."

"அப்ப எதுக்கு அத்த இழுத்த?"

எனக்குப் பதில் வரவில்லை. கொக்கியை வாயிலேயே கழற்றி, ஈரக்கையால் பிடித்து, சீக்கிரம் விட்டால் பாறை மீன் பெரும்பாலும் பிழைக்கும். ஆழத்திலிருந்து இழுத்த கலவா மீனுக்கு அப்படி இல்லை. அழுத்தம் குறைந்து காற்றுப்பை ஊதி, விட்டாலும் கீழே இறங்க முடியாமல் மேலேயே மிதக்கும். அதை விடுவதைவிடக் குழம்பு வைப்பதே நியாயம் என்பேன்.

கயாக்கை வைத்தே பிழைக்கலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். முடியாது. ஐஸ் பெட்டி வைக்க இடமில்லை, வலை இழுக்க நிலைப்பு இல்லை, ஒரு ஆளின் தோள் எவ்வளவு தூரம் போகும்? தப்பித் தவறி நல்ல மீன் கிடைத்து அதைக் கரையில் மலிவாகத் தள்ளிவிட்டால், அன்றைக்குக் கூடையோடு காத்திருக்கிற பெண்களின் வியாபாரத்தில்தான் கை வைக்கிறோம். ஆஸ்திரேலியாவில் பொழுதுபோக்குக்குப் பிடித்த மீனை விற்பதே குற்றம். இங்கும் அந்த வழக்கம் வந்தால் நல்லது.

இரண்டு கூட்டமும் கடலில் உரசிக்கொள்ளும் காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலமான அந்த 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும். சிறு படகுக்காரர்கள் கரைக்கடலில் வலை விரிப்பார்கள். காலையில் கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் கயாக்குகளும் அங்கேயே இறங்கும். வரிசையாக மிதவைகள் தெரிந்தால் சுற்றிப் போங்கள். லூர் வலையில் மாட்டிக்கொண்டால் நரம்பை வெட்டுங்கள். ஐந்நூறு ரூபாய் லூருக்காக வலைக் கண்ணியில் கத்தி வைக்கிறவரை அடுத்த முறை அந்தக் கரையில் இறங்க விடமாட்டார்கள்.