கிங்ஸ் பார்க்கில் ஒரு கர்ரி கோப்பை சனிக்கிழமை: டிக்கெட் மலிவு, ஸ்டாண்ட் காலி

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்பது அதைத்தான். டர்பன் கிங்ஸ் பார்க்கில் எங்கள் ஊர் ஷார்க்ஸ் அணி ஆடிய கர்ரி கோப்பை (தென்னாப்பிரிக்க மாகாண அணிகளின் ரக்பி போட்டி) ஆட்டத்துக்கு நான் ஒரு டிக்கெட்டுக்குக் கொடுத்த பணம், எங்கள் சாட்ஸ்வொர்த் தெருமுனைக் கடையில் கால் ரொட்டியைக் குடைந்து மட்டன் குழம்பு ஊற்றித் தரும் பன்னி சௌவுக்குக் கொடுப்பதைவிடக் குறைவு. இதே மைதானத்தில் நாட்டு அணியான ஸ்பிரிங்பாக்ஸின் டெஸ்ட் ஆட்டம் வந்தால் நல்ல இடத்துக்கு ஆயிரம் ராண்ட் தாண்டிப் போகும், அதுவும் விற்பனை திறந்த வேகத்திலேயே தீர்ந்துவிடும். அப்படியிருக்க, மாகாண ஆட்டம் இவ்வளவு மலிவாகக் கிடைத்தும் ஏன் ஸ்டாண்டில் ஆளே இல்லை என்பதுதான் அன்று முழுக்க என் மனதை அரித்துக்கொண்டிருந்தது.

போனது மூன்று பேர். நான், அப்பா, ஒன்பது வயது மகள். எதிரணி கிம்பர்லியிலிருந்து வந்த கிரிக்குவாஸ். மைதானத்துக்கு விளம்பரதாரர் பெயர் மாறிக்கொண்டே இருக்கும், நம் வாயில் அது என்றைக்கும் கிங்ஸ் பார்க்தான். பக்கத்தில் மோசஸ் மபிடா ஸ்டேடியத்தின் வளைவு வெள்ளையாக நிமிர்ந்து நிற்க, அதைப் பார்த்துக்கொண்டே வெளிமைதானத்தில் காரை நிறுத்தினோம். புல்வெளியில் காரின் பின்கதவைத் திறந்து வைத்து கரியில் இறைச்சி சுட்டு பிராய் போடுவதும், பிள்ளைகள் நடுவில் பந்தோடு ஓடுவதும் இந்த இடத்தின் பெரிய சொத்து. டர்பனுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள்கூட அதைத்தான் பேசுவார்கள். அன்றைக்கு அங்கே சில குடும்பங்கள்தான் இருந்தன. அக்கா கட்டிக்கொடுத்த மிளகாய் பஜ்ஜியைக் காரில் சாய்ந்தபடி சாப்பிட்டுவிட்டு உள்ளே போனோம்.

ஏறக்குறைய 50,000 பேர் உட்காரக்கூடிய இடம். என் கண்ணுக்கு இரண்டாயிரம், மூவாயிரம் பேர் இருந்தால் அதிகம். எங்கள் வரிசையில் நாங்கள் மூவர், ஒரு கோகோ (ஜுலு பாட்டிகளை இங்கே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம்), அவர் பேரன், அவ்வளவுதான். எதிர்ப்பக்க மேல் அடுக்கில் ஒரு ஆள்கூட இல்லை, நாற்காலிக் கைப்பிடி ஒன்றில் ஹாடிடா பறவை உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது, அந்தக் கத்தல் இந்தப் பக்கம்வரை கேட்டது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கூட்டம் இல்லாததால் கிடைத்த அனுபவம் டிவியில் கிடைக்காது. மகள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழ் வரிசையில் நின்றாள். நடுவர் குரல் கொடுத்து இரண்டு அணியும் ஸ்க்ரம்மில் (பக்கத்துக்கு எட்டு பேர் தோளோடு தோள் கோத்து எதிரணியைத் தள்ளுவது) மோதிய சத்தம் இருக்கிறதே, அரிசி மூட்டையை லாரியிலிருந்து சிமெண்ட் தரையில் போட்ட மாதிரி தொப்பென்று. அவள் ஒரு அடி பின்னால் போய்விட்டாள். அப்புறம் அத்தனை பேரின் மூச்சும் ஒரே நேரத்தில் வெளியே வருகிற சத்தம், மண்ணோடு பிய்ந்து பறக்கிற புல், ஒரு வீரர் அடுத்தவர் தோளைத் தட்டி ஜுலுவில் ஏதோ சொன்னது, எல்லாம் காதுக்கு அருகில். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் இவ்வளவு கனமானது என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்த ஒரு நிமிடத்துக்கே டிக்கெட் காசு சரியாகிவிட்டது என்பேன்.

ஆட்டத்தின் தரத்தைப் பற்றி மூக்கைச் சுளிக்கிறவர்கள் நம்மில் நிறைய. "பெரிய ஆட்கள் யாரும் ஆடுவதில்லை, இரண்டாம் அணிதானே" என்பார்கள். உண்மைதான், கர்ரி கோப்பை நடக்கும் மாதங்களில் ஸ்பிரிங்பாக்ஸ் வீரர்கள் நாட்டுக்காக ஆடப் போய்விடுவார்கள், ஐரோப்பிய அணிகளோடு யுனைடெட் ரக்பி சாம்பியன்ஷிப்பில் ஆடும் பெரிய அணிகள் இளம் பையன்களை இறக்கும். ஆனால் அதனாலேயே போட்டி சமமாகிவிட்டது. 2022-ல் பூமாஸ், 2023-ல் சீட்டாஸ், 2024-ல் நம் ஷார்க்ஸ், 2025-ல் கிரிக்குவாஸ், நான்கு வருடத்தில் நான்கு அணி. கிரிக்குவாஸுக்கு அது 1970-க்குப் பிறகு கிடைத்த முதல் கோப்பை. 1891-ல் வந்த பிரிட்டிஷ் அணியிடம் கப்பல் முதலாளி டொனால்ட் கர்ரி அந்தத் தங்கக் கோப்பையைக் கொடுத்து, இந்நாட்டில் உங்களை எதிர்த்து நன்றாக ஆடுகிற அணிக்குக் கொடுங்கள் என்றாராம், அவர்கள் கொடுத்தது இதே கிம்பர்லிக்காரர்களின் கிரிக்குவாலாந்து வெஸ்ட்டுக்கு. அப்படிப்பட்ட அணி வீட்டு வாசலுக்கே வந்து ஆடும்போது போய்ப் பார்க்காமல் இருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

நம் வீடுகளில் இந்த மைதானத்துக்கு ஒரு பழைய கணக்கு இருப்பது எனக்குத் தெரியும். தாத்தா 1976 ஜூலையில் இங்கே நியூசிலாந்து டெஸ்ட் பார்க்க வந்தார். நிறவெறி ஆட்சியின் போலீஸ் சோவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகளைச் சுட்டு ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளையர் அல்லாதவர்களுக்குத் தனி இடம், அங்கே நின்று அவர் கைதட்டியது நியூசிலாந்தின் ஆல் பிளாக்ஸுக்கு. தென்னாப்பிரிக்கா 16-7 என்று ஜெயித்தது, தாத்தா ஒரு வார்த்தை பேசாமல் வீடு திரும்பினாராம். அவர் நண்பர்கள் பலர் அந்த வாசலையே மிதிக்க மாட்டோம் என்று இருந்தவர்கள், அவர்களுக்குச் சனிக்கிழமை என்றால் கரீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் கால்பந்து. அதனால் நம் ஆட்களுக்கு ரக்பி ஒட்டவில்லை என்று யாராவது லேசாகச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒட்டவிடாமல் செய்தார்கள்.

அப்பாவின் கணக்கு வேறு. 1995 ஜூன் 17, உலகக் கோப்பை அரையிறுதி, பிரான்ஸுக்கு எதிராக, இதே இடத்தில். கொட்டுகிற மழை, மைதானம் குளமாகி ஆட்டம் தாமதமாக, பெண்கள் துடைப்பத்தோடு வந்து தண்ணீரைத் தள்ளினார்கள். 19-15. நனைந்த சட்டையோடு பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஒரு ஆளைக் கட்டிப்பிடித்ததை அப்பா இன்றுவரை சொல்வார். அன்றைக்கும் சொன்னார், அதே ஸ்டாண்டைக் கையால் காட்டி, "அதோ, அந்தத் தூணுக்குப் பக்கத்தில்". அங்கே இப்போது வெறும் நாற்காலி வரிசைகள்.

சரி, மைதானத்துக்குள் சாப்பாடு. இங்கே கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும். ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) கார்டு மெஷின் வேலை செய்யவில்லை, ரொக்கம் மட்டும் என்றார்கள், இடைவேளையில் வரிசை நகரவே இல்லை, என் முறை வந்தபோது சிப்ஸ் தீர்ந்துபோய் பூரவோர்ஸ் (தொத்திறைச்சி) ரோல் மட்டும் மிச்சம். அதில் மாட்டிறைச்சி, எங்கள் வீட்டில் தொடமாட்டோம். டர்பனில், பன்னி சௌ பிறந்த ஊரில், ஒரு பீன்ஸ் பன்னிகூடக் கிடைக்காமல் பிள்ளை குளிர்பானத்தோடு உட்கார்ந்திருந்தாள். மூவாயிரம் பேர் வந்த நாளிலேயே இப்படி. இரண்டாவது, டிக்கெட் வாங்கிய இணையதளம் (அதன் பெயரும் வேண்டாம்) கடைசிப் பக்கத்தில் சேவைக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்தது, மலிவான டிக்கெட்டில் அது நன்றாகவே உறுத்துகிறது. விலையை முதல் பக்கத்திலேயே முழுசாகச் சொன்னால் என்ன?

ஆனால் இவை எதுவும் கூட்டம் வராததற்குக் காரணம் இல்லை. வீட்டுக்கு வந்து அன்றைய செலவை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். மூன்று டிக்கெட்டும் சேர்ந்து மொத்தச் செலவில் பாதிகூட வரவில்லை. பெட்ரோல், கார் பார்த்துக்கொள்கிறவருக்குக் கொடுத்தது, தண்ணீர், குளிர்பானம், திரும்பி வரும் வழியில் பசித்த பிள்ளைக்கு வாங்கியது, இதெல்லாம்தான் மிச்சம். கார் இல்லாத குடும்பத்துக்கு இன்னும் மோசம். சாட்ஸ்வொர்த்திலிருந்தோ ஃபீனிக்ஸிலிருந்தோ மினிபஸ் டாக்ஸி பிடித்து டவுனில் வார்விக் சந்திப்புப் பக்கம் இறங்கி, அங்கிருந்து இன்னொரு வண்டி, ஆட்டம் முடிந்து இருட்டியபின் பிள்ளைகளோடு அதே வழியில் திரும்புவது என்றால் யார் துணிவார்கள்? நேரம் மாலை தள்ளிப்போகப் போக, வீட்டில் டிவி போட்டுக்கொள்வதே நிம்மதி என்று ஆகிவிடுகிறது. டிக்கெட்டை இலவசமாகவே கொடுத்தாலும் அந்தக் கோகோ மாதிரி ஒருவர்தான் வருவார். அவர் உம்லாசியிலிருந்து இரண்டு வண்டி மாறி வந்ததாகச் சொன்னார், பேரன் பள்ளி அணியில் ஆடுகிறானாம், அதனால் அவன் ஒரு முறையாவது பெரிய மைதானத்தைப் பார்க்க வேண்டும் என்று.

சனிக்கிழமைக் காசுக் கணக்கு இந்த ஆட்டத்தின் தலையெழுத்தையே ஒரு முறை மாற்றியிருக்கிறது. 1895-ல் வட இங்கிலாந்தில், ஹடர்ஸ்ஃபீல்டில், கிளப்புகள் தனியாகப் பிரிந்துபோனதற்கு என்ன காரணம்? ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்த ஆட்டக்காரர்கள் ரக்பி ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும், அதை ஈடுகட்ட வேண்டும் என்று கேட்டார்கள், மேலே இருந்தவர்கள் முடியாது என்றார்கள். அதிலிருந்து வந்ததுதான் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக். நம் நாட்டில் லீக்குக்குப் பெரிய கூட்டம் கிடையாது, ரக்பி என்றால் பதினைந்து பேர் ஆட்டம்தான். ஆனால் அன்று அந்தத் தொழிலாளியின் சனிக்கிழமைக் கூலியைப் பற்றி யோசித்த மாதிரி, இன்று பார்க்க வருகிறவரின் சனிக்கிழமைச் செலவைப் பற்றி யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும்.

நடத்துகிறவர்கள் படித்தால் எனக்குக் கேட்க இரண்டே விஷயம். ஆட்டத்தை மதியம் வையுங்கள், இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர முடிகிற மாதிரி. அப்புறம் இந்தச் சின்ன ஆட்டங்களுக்கு மேல் அடுக்கை மூடிவிட்டு எல்லாரையும் கீழே ஒரே பக்கமாக உட்கார வையுங்கள். மூவாயிரம் பேர் நெருங்கி உட்கார்ந்து கத்தினால் அது கூட்டம். 50,000 நாற்காலியில் சிதறி உட்கார்ந்தால் ஆளுக்கு ஆள் முகம் தெரியாது. கடைசி இருபது நிமிடத்தில் எங்கள் பக்கம் இருந்தவர்கள் தாங்களாகவே இறங்கி நடுக்கோட்டுக்கு அருகில் சேர்ந்துவிட்டார்கள். கோகோ எழுந்து நின்று பாட ஆரம்பிக்க, நாலு பேர் சேர, பத்து பேர் சேர, அப்பாவும் தாளம் போட, ஷார்க்ஸ் பையன் ஒருவன் பந்தை எதிரணிக் கோட்டுக்கு அப்பால் தரையில் வைத்து டிரை போட்டுவிட்டு எழுந்ததும் நேராக எங்களைப் பார்த்துத்தான் கையைத் தூக்கினான். மகளுக்கு அன்று தொண்டை கட்டிவிட்டது.

கோப்பைக் காலம் நம் நாட்காட்டியோடு ஒட்டி வருவதையும் சொல்லிவிடுகிறேன். ஜூலையில் ஆரம்பித்து ஆடி மாதக் கூழ் ஊற்றும் ஞாயிறுகளோடு நடந்து, முடிவது புரட்டாசியில். 2024 இறுதி ஆட்டம் செப்டம்பர் 21, புரட்டாசி முதல் சனி. பெருமாளுக்கு வடை மாலை சாத்தி, படையல் முடித்து, வாழையிலையை எடுத்துவிட்டு டிவி முன் உட்கார்ந்தோம். ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க்கில் லயன்ஸ் முன்னணியில் இருக்க, கடைசி நிமிடத்தில் நம் ஷார்க்ஸின் ஜோர்டன் ஹெண்ட்ரிக்ஸே தன் பாதி மைதானத்திலிருந்து அடித்த பெனால்டி, 16-14. அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள், என்ன ஆயிற்றோ என்று. 1990-ல் பிரிட்டோரியாவில் நட்டால் (இன்றைய ஷார்க்ஸ்) முதல் முறையாக 18-12 என்று கோப்பையை எடுத்தபோதும் வீட்டில் இதே சத்தம்தான் என்று அப்பா சொன்னார். இவ்வளவு ஆசை வீட்டுக்குள் இருக்கிறது, அதில் பாதி ஸ்டாண்டுக்கு வந்தால் போதும்.

மதிப்பெண் கேட்டால்: ஆட்டத்துக்கும் டிக்கெட் விலைக்கும் ஐந்துக்கு ஐந்து. சாப்பாட்டுக்கு ஒன்று. போக்குவரத்துக்கு நான் எதுவும் கொடுக்கப்போவதில்லை. குடும்பத்தோடு போகலாமா என்றால், தயங்காமல் போகலாம். ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், கடல் காற்று மாலையில் குளிரும், கையில் கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கு எங்கள் தெருவில் சேர்ந்து ஒரு மினிபஸ் பேசியிருக்கிறோம், போக வர இரண்டும் சேர்த்து. ஆளுக்கு வரும் பங்கு, நான் காரில் போன செலவில் பாதிகூட இல்லை. பதினைந்து சீட், பதினான்கு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், பஜ்ஜி அக்கா பொறுப்பு. ஒரு சீட் இருக்கிறது, வருகிறவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.