செகண்ட் ஹேண்ட் பைனாகுலர் வாங்கி 16,500 ரூபாய் போச்சு – தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருக்கிறவங்க உஷார்

கோடியக்கரையிலிருந்து திரும்பி மூணு நாள்தான் ஆகுது. பையைக்கூட இன்னும் முழுசாப் பிரிக்கலை. அதுக்குள்ள எனக்கு பைனாகுலர் வித்த ஆள் அதே போட்டோவை வேற பேர்ல மறுபடியும் போட்டிருக்கான். இந்தப் பதிவை எழுதுறதே அதனால்தான். எப்படிப் பார்த்து வாங்கணும்னும் கடைசியில் விவரமா எழுதுறேன்.

என் பொண்ணு ஏழாவது படிக்கிறா. ஒரு வருஷமா பறவைப் பைத்தியம். காலாண்டு லீவுக்கு ஈரோட்டிலிருந்து கார்ல கோடியக்கரை போகலாம்னு முடிவாச்சு. பூநாரைக் கூட்டம் சேர இன்னும் நாள் இருக்கு, ஆனா உள்ளான்கள் (தண்ணி ஓரத்துல இரை தேடுற சின்னப் பறவைங்க) புரட்டாசியிலேயே வந்து இறங்கிடும்னு அவளே படிச்சுச் சொன்னா. சரி, ஒரு நல்ல பைனாகுலர் வாங்கிக் கொடுப்போம்னு பழைய பொருள் விக்கிற ஒரு ஆப்ல தேடினேன். 8×42 (எட்டு மடங்கு பெரிசாக் காட்டும், முன்கண்ணாடி 42 மில்லிமீட்டர்), பேர்பெற்ற ஜப்பான் கம்பெனி, பெட்டி, வாரண்டி கார்டு எல்லாம் இருக்கு, விலை 17,000. புதுசு இதைப் போல ரெண்டு மடங்கு. போற வழி தஞ்சாவூர்தான், நேர்ல வாங்கிக்கலாம்னு 2,000 டோக்கன் அட்வான்ஸ் போட்டுவிட்டேன்.

விக்கிறவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல ஒரு டீக்கடைக்கு வரச் சொன்னார். சாயங்காலம் ஏழு மணி இருக்கும். ஐம்பது வயசு ஆள், விபூதி, மடிப்புக் கலையாத சட்டை. பேச்செல்லாம் பறவைதான். "கோடியக்கரையா மேடம்? உப்பளத்துக்கு ஆறு மணிக்கு முன்னாடி போயிடுங்க, வெயில் ஏறினா கானல் வந்து ஒண்ணும் தெரியாது." இது உண்மைதான், அதுதான் கொடுமை. பாப்பாகிட்ட ஆள்காட்டிக் குருவி எப்படிக் கத்தும்னு கத்திக் காட்டினார். அவ விழுந்து விழுந்து சிரிச்சா.

டியூப்லைட் வெளிச்சத்துல எதிர்ல நின்ன பஸ் போர்டைப் பார்த்தேன். எழுத்து கொஞ்சம் இரட்டையா தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. கேட்டேன். கேட்டேன்தான்! "கண்ணாடி போட்டிருக்கீங்கல்ல மேடம், ரெண்டு நாள் பழகணும்"னார். என் வீட்டுக்காரர் "காலையில வெளிச்சத்துல பார்த்துட்டுப் பணம் போடலாமே"ன்னு இழுத்தார். அந்த ஆள் கோபப்படவே இல்லை. "ஐநூறு குறைச்சுக்கோங்க சார், பாப்பாவுக்கு ஒரு பறவைப் புத்தகம் வாங்கிக் கொடுங்க"ன்னார். அந்த ஐநூறுல நான் விழுந்தேன். மீதி 14,500-ஐ அங்கேயே போன்ல அனுப்பினேன். மொத்தம் 16,500.

மறுநாள் விடிகாலை. உப்பளப் பாத்தி ஓரத்துல பொடிப்பொடியா நூறு இருநூறு உள்ளான், தண்ணி விளிம்புல எலி மாதிரி ஓடுது. பாப்பா பைனாகுலரை வச்சா, எடுத்தா, திருப்பி வச்சா. அப்புறம் ஒரு கண்ணை மூடிக்கிட்டா. "அம்மா, எல்லாமே ரெண்டு ரெண்டா இருக்கு." நானும் பார்த்தேன். ஒரு பறவைக்கு மேலே இன்னொரு பறவை, ஒட்டவே மாட்டேங்குது. பத்து நிமிஷத்துல தலைவலி.

பக்கத்துல ஒரு காலேஜ் பையன் நின்னு எண்ணிக்கிட்டிருந்தான். வாங்கிப் பார்த்தவன் ஒண்ணும் சொல்லாம, ரெண்டு பைனாகுலரையும் கையை நீட்டி வானத்துக்கு எதிரே பிடிச்சான். கண் வைக்கிற பக்கத்துல வெளிச்சப் புள்ளி ஒண்ணு தெரியும். 42-ஐ எட்டால வகுத்தா அஞ்சே கால் மில்லிமீட்டர், அவனோடதுல அந்த அளவுக்கு உருண்டையா இருந்துச்சு. எங்களோடதுல மூணு மில்லிமீட்டர்கூட இருக்காது, ஓரமெல்லாம் வெட்டின சதுரம் மாதிரி. முன்பக்கத்தைச் சாய்ச்சுப் பார்த்தா, பெரிய கண்ணாடிக்குப் பின்னால ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம் பாதியை மறைச்சு நிக்குது. சீரியல் நம்பர் ஸ்டிக்கர் நகம் பட்டதும் உரிஞ்சு வந்துடுச்சு. "டூப்ளிகேட்க்கா"ன்னான்.

நல்ல பையன், அவனோடதை அரை மணி நேரம் பாப்பாகிட்ட கொடுத்தான். அலகு கீழே வளைஞ்ச ஒரு உள்ளானைக் காட்டி, இது சைபீரியா வடகோடியில முட்டையிடுற ஜாதின்னு சொன்னான். அவ பார்த்ததே அந்த அரை மணி நேரம்தான். மிச்ச ரெண்டு நாள் வெறுங்கண்ணுதான்.

அங்கிருந்தே போன் பண்ணேன். முதல் தடவை, "டிராவல்ல குலுங்கியிருக்கும் மேடம், திரும்பி வர்றப்ப கொண்டாங்க, பார்க்கலாம்." ரெண்டாவது தடவை ஒரு பெண் எடுத்து "அவர் குளிக்கிறார்." மத்தியானம் "குளிக்கிறார்." ராத்திரி ஒன்பதுக்கும் "குளிக்கிறார்." காவிரியே வத்திப்போயிருக்கும். அப்புறம் வாட்ஸ்அப்ல ஒரே டிக், போட்டோவும் காணோம். ஆப்காரங்ககிட்ட புகார் போட்டா, "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்", மறுநாள் "நேரில் நடந்த பணப் பரிமாற்றத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல"ன்னு மூடிட்டாங்க. பேங்க்ல, "நீங்களேதானே அனுப்பினீங்க?" ஆமாங்க, நானேதான் அனுப்பினேன், 16,500.

சைபர் மோசடிப் புகாருக்கான 1930 நம்பருக்குப் போன் போட்டுப் புகார் பதிஞ்சிருக்கேன். (கோடியக்கரைக்குப் பக்கத்துல இருக்கிற வேதாரண்யத்துல ராஜாஜி உப்பு அள்ளின வருஷமும் 1930தான். அந்தப் பக்கத்து உப்பளத்துல நின்னுக்கிட்டே இந்த நம்பரை அடிப்பேன்னு நினைக்கலை.)

விவரமா எழுதுறேன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்லை. பகல் வெளிச்சத்துல தூரத்து மரத்தைப் பார்க்காம வாங்காதீங்க. இரட்டையா தெரிஞ்சா உங்க கண்ணைக் குறை சொல்லாதீங்க. வானத்துக்கு எதிரே பிடிச்சு அந்த வட்டத்தைப் பாருங்க. டோக்கன் போடவே போடாதீங்க.

புது விளம்பரத்துல ஊர் கும்பகோணம்னு இருக்கு, விலை அதே 17,000. படத்துல பச்சைப் பூப்போட்ட மேஜைத் துணி, வலது ஓரத்துல பாதி எவர்சில்வர் டம்ளர். அதேதான். தொடாதீங்க.